டிவி சவுண்டைக் குறைச்சுட்டுப் பேசுங்க

சேலையூரில் எங்கள் தெருவுக்குச் சாயங்காலம் ஜான்சி அக்காவின் குரலில்தான் வரும். லோக்கல் கேபிளில் தினமும் நேரலை. யாராவது போன் போட்டுப் பிறந்தநாள் வாழ்த்து சொல்வார்கள், பாட்டு கேட்பார்கள். யார் கூப்பிட்டாலும் அக்கா முதலில் சொல்வது ஒன்றுதான்: "டிவி சவுண்டைக் குறைச்சுட்டுப் பேசுங்க." குறைக்காவிட்டால் அவள் குரலே போன் வழியாகத் திரும்பி வந்து அவளோடு மோதும்.

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கேம்ப் ரோட்டில் செல்போன் கடைக்கு மேலே ஓர் அறை. பின்னால் நீலத் துணி, அதில் ஒட்டிய பஞ்சு மேகங்கள். ஒரு மேகம் பாதி கழன்று ஃபேன் காற்றில் ஆடும். டிவியில் பார்த்தால் வானமே நகர்கிற மாதிரி இருக்கும். அதன் முன்னால் நிறைமாத வயிற்றோடு அக்கா மிதந்துகொண்டிருப்பாள்.

நானும் குரலை மாற்றிக் கூப்பிடுவேன். ஒருநாள் ரிட்டையர்டு வாத்தியார், மறுநாள் கோவளத்து மீன்காரம்மா.

"உங்க பேரு?"

"கன்னியம்மா."

"கன்னியம்மாக்கா, நேத்து வாத்தியாரா பேசுனீங்களே, தொண்டை சரியாப் போச்சா?"

பத்தாவதில் மூன்று பாடம் ஊத்திக்கொண்ட எனக்கு இதைவிடப் பெரிய மரியாதை எங்கே கிடைக்கும்?

கேபிள்காரர் சுகுமார் அண்ணனைக் கட்டிக்கொண்டதிலிருந்து அக்காவின் அப்பா ஞானையா அவளோடு பேசுவதில்லை. அவர் எங்கள் பக்கத்து வீடு. மாப்பிள்ளை மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்றவர், மாப்பிள்ளையின் கேபிளை மட்டும் வெட்டவில்லை. காது கொஞ்சம் மந்தம். அக்கா பேசுவது அவர் டிவியிலிருந்து எங்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும்.

"புள்ள பொறக்கறதுக்குள்ள அப்பா ஒரு வார்த்தை பேசிட்டா போதும்" என்று எங்கம்மாவிடம் அக்கா அழுதிருக்கிறாள்.

தினமும் கடைசியாக ஒரு போன் வரும். பேசாது. அக்காவின் குரல் மட்டும் கொஞ்சம் பிந்தித் திரும்பும், பின்னாலேயே லவ் பேர்ட்ஸ் கீச்சிடும். அப்பாவுக்கு அவள் வாங்கிக் கொடுத்த லவ் பேர்ட்ஸ். அந்தப் போனுக்கு மட்டும் அவள் சவுண்டைக் குறைக்கச் சொல்ல மாட்டாள். அதட்டினதாக நினைத்துப் போனை வைத்துவிட்டால்?

"சாப்டீங்களா? மழை வர்ற மாதிரி இருக்கு. மாடில துணி கெடக்குதா பாருங்க" என்பாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறும்.

பிரசவத்துக்கு முன்னால் அவளுடைய கடைசி நிகழ்ச்சி. வெளியே தூறல். அந்தப் போன் வந்தது.

"நாளைலேர்ந்து நான் வர மாட்டேன். வேற பொண்ணு வரும்" என்றாள். மாட்டேன், வரும் என்று அவள் வார்த்தைகளே அவளிடம் திரும்பி வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன பேசுவதென்று தெரியாமல் வாய் பழக்கத்தில், "டிவி சவுண்டைக் குறைச்சுட்டுப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எங்கள் சுவர் சட்டென்று அமைதியானது. லவ் பேர்ட்ஸ் மட்டும்.

"இப்ப கேக்குதாம்மா?"

"அப்பா!"

"எல்லாருக்கும் சொல்ற. எனக்கு மட்டும் சொல்லவே இல்ல. சொல்லுவ, அப்பால பேசலாம்னு டெய்லி குந்திகினு கீறேன்."

கேமரா ஆடியது. பிடித்திருந்தது சுகுமார் அண்ணன். வானம் ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"என்ன பாட்டுப்பா வேணும்?" அழுகையிலும் அக்கா கடமையை விடவில்லை.

"பாட்டு கெடக்குது. நீ வூட்டுக்கு வா. அந்தக் கேபிள்காரனையும் இட்டுனு வா, படம் கட்டம் கட்டமா வருது."

கடைசி நாளாச்சே, அடுத்து நானும் கூப்பிடலாம் என்று பீர்க்கன்கரணை பால்காரர் குரலைத் தயாராக வைத்திருந்தேன். போனைக் கீழே வைத்துவிட்டேன். நீ வூட்டுக்கு வா என்பது முதலில் சுவர் வழியாகக் கேட்டது. கொஞ்சம் பிந்தி, எங்கள் டிவியிலும்.