தகட்டுக்குத் தையல் கிடையாது

பெற்றவர்கள் வைத்த பேர் பள்ளிக்கூடப் பதிவேட்டோடு நின்றுபோயிற்று. தெருவுக்கு அவள் வெடுக்கு. எதைக் கேட்டாலும் வெடுக்கென்று பதில் வரும். கேட்டவர் சிரித்துக்கொண்டும் போவார், சிலுப்பிக்கொண்டும் போவார்.

அவள் அப்பாவோடு பிறந்தவர்கள் அத்தனை பேரும் ஊசிநூலை நம்பிப் பிழைத்தவர்கள். மூத்த அத்தை காஜா எடுத்தாள். பெரியப்பா பேன்ட் தைத்தார். நடு அத்தை கல்யாணமாகிப் போகும்போது தையல் மெஷினையும் கூடவே கொண்டுபோனாள். அப்பா கட்டிங் மாஸ்டர். கடைசிப் பிள்ளையான சித்தப்பாதான் சொந்தமாகக் கடை வைத்தார். அந்தக் குடும்பத்தில் பேனா பிடித்தவர் யார் என்று தேடினால், அளவுச் சீட்டு எழுதியவர்தான் கிடைப்பார். அப்பா கண்ணை மூடியதும், சித்தப்பா கடையில் அவர் நின்ற கட்டிங் மேசைக்கு முன்னால் வெடுக்கு வந்து நின்றாள்.

நின்றவள் துணியை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. பொறியியல் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதுவேன் என்று கிளம்பினாள். பழைய புத்தகக் கடையில் பயிற்சிக் கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கினாள். அட்டை இல்லை, விடைப்பக்கமும் இல்லை. காலர் வெட்டிய கையோடு, மீந்த காக்கித் தாளில் சாக்கட்டியால் கணக்குப் போடுவாள்.

"அந்தக் காலேஜ்ல உனக்காக யாரு கதவைத் தொறந்து வெச்சுக் காத்துட்டு இருக்காங்க?" என்பார் சித்தப்பா.

"தொறந்து வெச்சிருந்தா பரீட்சை எதுக்கு சித்தப்பா? மூடியிருக்கு, அதான் தட்டுறேன்."

அந்தத் தேர்வுக்கு வயசு வரம்பு உண்டு. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் விண்ணப்பமே போட முடியாது. அதனால்தான் சாயங்காலப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். வாத்தியாருக்கு அங்கே பேர் மைக் சார். மாடியில் அவர் பாடம் நடத்தினால் கீழே பூட்டுக்கடைக்காரர் வர்க்கமூலம் சொல்லுவார், அப்படிப்பட்ட குரல்.

எக்ஸும் ஒய்யும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. படம் போட்டுச் செய்கிற கணக்கு வந்தால் மட்டும் கவிழ்ந்துவிடுவாள். ஒரு வாரத் தேர்வில் மைக் சார் அவள் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"பன்னெண்டு நீளம், எட்டு அகலம். தகட்டோட பரப்பு என்ன? சின்னப் புள்ளையைக் கேட்டாலும் தொண்ணூத்தாறுன்னு சொல்லும். இந்தம்மா நூத்திப் பதினேழுன்னு எழுதியிருக்காங்க! தகடு ராத்திரில வளருதாம்மா?"

வகுப்பு சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்திருக்கும், சொன்னது தன்னைப் பற்றி இல்லையென்றால். எங்கே தவறினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இது பாஸ் பண்றவங்களுக்கான வகுப்பு. எங்க பேர் கெட்டுடும். உனக்குக் கைவேலை நல்லா வருது, அதைப் பாரும்மா. நாளையிலிருந்து வர வேண்டாம்."

"கை வேலை செய்யுது சார். தலை சும்மாதானே இருக்கு, அதுக்கும் ஒரு வேலை வேணும்ல?" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

மறுநாள் அதே கணக்கைக் காக்கித் தாளில் மறுபடி போட்டாள். செவ்வகம் வரைந்தாள். வரைந்து முடித்துப் பார்த்தால் ஒரு செவ்வகம் இல்லை, இரண்டு இருந்தன. கேட்ட அளவுக்கு உள்கோடு. அதைச் சுற்றி நாலு பக்கமும் அரை அரை இஞ்ச் விட்டு வெளிக்கோடு. சட்டைக்கு எப்படித் தையலுக்கென்று விடுவாளோ, அப்படியே விட்டிருந்தாள். பெருக்கும்போது கை தானாக வெளிக்கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. பன்னிரண்டு பதின்மூன்றாகிவிட்டது, எட்டு ஒன்பதாகிவிட்டது.

"அடிப்பாவி! தகட்டை யாருடி தைக்கப் போறா?" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

பிடித்துவிட்டாள், சரி. பழகின கை கேட்க வேண்டுமே? வட்டம், கூம்பு, கோளம் என்று பார்த்த படத்தையெல்லாம் போட்டுப் போட்டுக் கையை அதட்டினாள். "விடாதே, விடாதே" என்று முணுமுணுத்தபடியே வேலை செய்தாள். கை ஒருநாள் கேட்டேவிட்டது. கேட்ட நேரம்தான் கெட்ட நேரம். அன்றைக்கு மேசைமேல் இருந்தது பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி. ஒரு கட்டு முழுவதையும் தையலுக்கு நூலளவுகூட விடாமல் கச்சிதமாக வெட்டித் தள்ளினாள்.

சித்தப்பா ஒரு முன்பக்கத்தை எடுத்து அளவு நாடாவை வைத்தார். முகம் கறுத்தது.

"உங்கப்பன் இந்த மேசையில ஒரு துண்டு வீணாக்கினது இல்ல. இதைத் தைச்சா எந்தப் பிள்ளை மூச்சு விடும்? கடையா, காலேஜா? ரெண்டுல ஒண்ணு இப்பவே சொல்லு."

தப்பு அவளுடையது. அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் தப்புக்குத் தண்டனையாகத் தேர்வை விட அவள் தயாரில்லை.

"தப்புதான் சித்தப்பா. எல்லாத்தையும் ஒரு சைஸ் இறக்கித் தைப்போம். பெரிய வகுப்புக்கு வெட்டினது சின்ன வகுப்புக்கு ஆகும். ஒரு துண்டும் வீணாப் போகாது. ஆனா காலேஜை விடமாட்டேன்."

"அப்போ இனிமே கத்தரிக்கோலைத் தொடாதே!"

"சரி, தொடல."

கத்தரிக்கோல் போய் இஸ்திரிப் பெட்டி வந்தது. தைத்த யூனிஃபார்மையெல்லாம் அவளே தேய்த்தாள். பெட்டி சூடேறுகிற நேரத்தில் முக்கோணம், மடித்து அடுக்குகிற நேரத்தில் நிகழ்தகவு. வாரத் தேர்வு நாளில் பயிற்சி வகுப்பின் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். மைக் சார் கேள்விகளைப் படிக்கப் படிக்க இவள் படியிலேயே எழுதினாள்.

அவர் வெளியே வந்து பார்த்தார். "பேர் அடிச்ச ஆளோட பேப்பரை நான் திருத்த முடியாது."

"திருத்த வேண்டாம் சார். விடையை மட்டும் வழக்கம்போலப் படிங்க, நானே திருத்திக்கிறேன். உங்க குரலுக்குச் சுவரு ஒரு தடையா?"

கீழிருந்து பூட்டுக்கடைக்காரர் சிரித்த சத்தம் மேலே கேட்டது. மைக் சார் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஒரு வாரம் குரலைத் தாழ்த்திக்கூடப் பார்த்தார். ஆனால் கூடப் பிறந்தது போகுமா? பாதிக் கணக்கிலேயே பழைய குரல் வந்துவிட்டது. மழையோ வெயிலோ அந்தப் படி அவளுடையது. ஏறி இறங்குகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கியே போகப் பழகிக்கொண்டார்கள்.

தேர்வு நாள் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையில்தான் போனாள். முதல் படக்கணக்கு வந்ததும் கை வழக்கம்போல வெளிக்கோட்டுக்கு நகர்ந்தது. "இது தகடு" என்றாள் வாய்க்குள். கை நின்றது.

முடிவு வந்தபோது அவளுக்கு இடம் இருந்தது. பட்டியலில் எங்கே என்றால், அடியிலிருந்து தேடினால் சீக்கிரம் அகப்படும் இடம். ஆனாலும் இடம் இடம்தான்.

அடுத்த வாரம் மைக் சார் வகுப்பு வாசலில் பெரிய பேனர் கட்டினார். 'எங்கள் சாதனையாளர்கள்' என்று தலைப்பு. கீழ் வரிசையில் நட்டநடுவே வெடுக்கின் முகம், பல் தெரியச் சிரித்தபடி. பயிற்சி வகுப்பில் சேரும்போது விண்ணப்பத்தில் ஒட்டக் கொடுத்த படம்.

பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தாள். "சித்தப்பா, கத்தரிக்கோல் வேணும்."

"எதுக்கு?"

சொன்னாள். சித்தப்பா ஊசிப்பெட்டியைத் துழாவினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, அவள் அப்பா பிடித்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார்.

"சின்னது ஆகாது. பேனர் தடிப்பா இருக்கும், இதை எடுத்துட்டுப் போ."

மாடிக்குப் போய், நாற்காலி போட்டு ஏறி, தன் முகத்தை வெட்டி எடுக்க ஆரம்பித்தாள். மைக் சார் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றே? உனக்குப் பெருமைதானே இது!"

"உள்ள உட்கார்ந்தவங்களுக்குப் பெருமை சார். நான் படியில உட்கார்ந்தவ. என்னை மாட்டணும்னா படியில மாட்டுங்க."

"பேனரையே கெடுத்துட்டியே! நடுவுல இவ்வளவு பெரிய ஓட்டை!"

ஓட்டை பெரிதுதான். முகத்தை ஒட்டி வெட்டவில்லை அவள். பழக்கம் விடுமா, சுற்றிலும் அரை இஞ்ச் விட்டுத்தான் வெட்டியிருந்தாள். வெட்டியதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"இருக்கட்டும் சார், காத்து வரும்."