சல்லடையில் சிக்காத இடைவெளி

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். எழுத்துக் குவியலிலிருந்து வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கும் தேடல் வடிவங்களை எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் அவளே நம்பமாட்டாள்.

அன்று மதியம் மகளின் பள்ளியில் நாடகம். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவள் போகவில்லை. "இந்த வாட்டியும் வரலைன்னா உன்கூட பேசவே மாட்டேன்" என்று மகள் காலையிலேயே சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அப்படியே அப்பன் பிடிவாதம்.

பையைத் தூக்கும்போது மேலாளர் வந்து நின்றார். பேருந்து டெப்போவிலிருந்து நாளைய பட்டியல் வந்திருக்கிறது: ஓட்டுநர் பெயர், ஓர் இடைவெளி, தட எண். அவளுடைய நிரல் அதில் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. சரிசெய்யாவிட்டால் நாளை யாருக்கும் எந்தப் பஸ் என்று தெரியாது.

"பத்து நிமிஷ வேலைதானே" என்றார். இந்தப் பத்து நிமிஷத்தைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நாலு அறை விடலாம்.

இடைவெளி போட்டுத் தேடினாள். ஒன்றும் மாட்டவில்லை. எந்த வெற்றிடமானாலும் பிடி என்று சொல்லும் குறியைப் போட்டாள். அதுவும் கையை விரித்தது. அதே வரியைத் தானே தட்டச்சு செய்தாள், உடனே பிடித்தது. கண்ணுக்கு இரண்டு வரியும் ஒன்றுதான். கம்ப்யூட்டரைத் திட்டினாள், டெப்போவைத் திட்டினாள், தன்னைப் படிக்கவைத்த அப்பாவையும் விடவில்லை. நடுவில் கணவன் போன் செய்தான்.

"எங்க இருக்க? ஆரம்பிச்சிட்டாங்க."

"வந்துட்டே இருக்கேன்" என்றாள், நாற்காலியில் இருந்தபடியே.

கம்ப்யூட்டருக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. சாதாரண இடைவெளிக்கு முப்பத்திரண்டு. கடைசியில் பட்டியலில் இருந்த இடைவெளியின் எண்ணைச் சோதித்தபோது நூற்று அறுபது என்று வந்தது. வரி முடிவில் இரண்டு சொற்களைப் பிரியவிடாமல் பிடித்துவைக்கும் இடைவெளி அது. அவள் எழுதும் மொழியில் அந்த வெற்றிடக் குறி இதை வெற்றிடமாகவே ஏற்பதில்லை.

நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று டெப்போ எழுத்தரை அழைத்தாள்.

"பேருக்கும் நம்பருக்கும் நடுவுல என்ன சார் போட்டீங்க?"

"அதுவாம்மா? முன்னாடி பேரு ஒரு வரியில, நம்பர் அடுத்த வரியில போயிடுச்சு. ஒரு டிரைவர் வேற ரூட்ல போயி, மார்க்கெட் போறவங்களை எல்லாம் ஏர்போர்ட்ல எறக்கிட்டாரு. அதான் பிரியாத மாதிரி ஒட்டிட்டேன். நேத்து பூரா ஒவ்வொண்ணா மாத்தினேம்மா."

இந்த மனிதரை எப்படித் திட்டுவது? "நல்லா ஒட்டியிருக்கீங்க சார்" என்று வைத்துவிட்டாள். தேடல் வடிவத்தில் நூற்று அறுபதையும் சேர்த்ததும் ஓட்டுநர்கள் வரிசையாக வந்து விழுந்தார்கள். அவள் ஓடினாள்.

பள்ளி அரங்கில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் பச்சைத் துணி சுற்றிய மகள் இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றிருந்தாள். கீழே கணவன் தண்ணீர் பாட்டிலோடு கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"நாடகம் முடிஞ்சு எல்லாரும் போயாச்சுங்க" என்றார் டீச்சர். "இவ மட்டும் எறங்க மாட்டேங்கிறா."

மகளின் உதடு மட்டும் அசைந்தது. "நான் மரம்மா. உக்காந்து பாரு."

மடக்கிய நாற்காலி ஒன்றை விரித்து, முன்வரிசையில் உட்கார்ந்து, அவள் பார்த்தாள்.