பல்லக்கா தேய்த்த கண்ணாடி

பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்பவரை அங்கே எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக அச்சு வார்த்து, பல் பதித்து, மெருகேற்றி அனுப்புகிறார். அவர் செய்த பல்லால் சிரிப்பவர்கள் ஊரில் ஏராளம். ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது.

ஐம்பத்தோராவது வயதில் பழைய இரும்புக் கடையிலிருந்து கப்பல் ஜன்னலின் வட்டக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்தார். பதினாறு அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனம். அச்சகத்தில் பிழை திருத்தும் கணவர், சாப்பாட்டு மேசைக்கு என்று நினைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. கால் எங்க?"

"கால் இல்லங்க. இத தேச்சு டெலஸ்கோப் செய்யப்போறேன்."

கணவர் கையிலிருந்த தாளில் ஒரு கால்புள்ளியை அடித்துவிட்டு, "சரி" என்றார்.

கல்யாணமாகிப் போன மகளின் அறையில் மணல் நிரப்பிய டிரம் ஒன்று வந்து நின்றது. அதன்மேல் பல் அச்சுக்கான பிளாஸ்டரில் வார்த்து, டைல்ஸ் துண்டு பதித்த தட்டு. தட்டில் சாணைத்தூளும் தண்ணீரும் விட்டு, கண்ணாடியைக் கவிழ்த்துத் தள்ளி இழுக்க வேண்டும். ஆறு தடவைக்கு ஒருமுறை டிரம்மைச் சுற்றி ஒரு காலடி நகர வேண்டும். வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் டிரம்மைச் சுற்றினார். கண்ணாடி நடுவில் குழிய எட்டு மாதம் ஆயிற்று. பல்லக்கா ஏழு கிலோ இளைத்தார்.

கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார்.

"மாவு மில் ஏதாவது வச்சிருக்கீங்களா, அக்கா?"

பல்லக்கா விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எப்ப முடியும்?" என்றார்.

"இப்பத்தான் தம்பி ஆரம்பிச்சிருக்கேன்."

மெருகேற்றியபின்தான் உண்மையான வேலை. வெளிச்சம் ஒரே புள்ளியில் வந்து சேர, குழி பந்தின் வளைவில் இருந்தால் போதாது. நடுவில் இம்மி ஆழம் கூட வேண்டும். ஒரு தலைமுடியின் தடிமனை எழுபது கூறு போட்டால் அதில் ஒரு கூறு. அதைச் சரிபார்க்க, கண்ணாடியை அறைக் கோடியில் நிறுத்தி, பன்னிரண்டடி தள்ளி சமையலறை வாசலில் சிறு விளக்கும் பிளேடும் வைத்து, பிளேடின் ஓரமாக ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். அடுப்பு எரிந்தால் காற்று அலையும், நிழலும் அலையும். அதனால் சோதனை நாளில் அடுப்பு கிடையாது. கணவர் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஒரு சனிக்கிழமை நடுப்பகுதி அச்சு அசலாக வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். "இன்னும் பத்தே நிமிஷம்" என்று கை வைத்தார். விளிம்பு அமுங்கிவிட்டது.

"ஓரத்துல கறுப்புத்தாள் ஒட்டி மறைச்சிட்டா?" என்றார் கணவர்.

"பதினாறு அங்குலம் பதினாலாயிடும்."

"பதினாலு பத்தாதா?"

பல்லக்கா அறையைப் பூட்டினார். ஒரு மாதம் திறக்கவில்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், டிவி பார்த்தார். டிவியில் என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

கீழ்வீட்டுக்காரர் மறுபடி வந்தார். "உடம்பு சரியில்லையா அக்கா? சத்தமே காணோம்."

"நிம்மதியா இருப்பீங்களே."

"அந்தச் சத்தத்துலதான் எங்க குழந்தை தூங்கிப் பழகியிருக்கு. இப்ப சாயந்திரம் வீடே ரெண்டாகுது."

பல்லக்கா சாவியைத் தேடி எடுத்தார். அறையைத் திறந்தார். பழைய மெருகையெல்லாம் அழித்து, நைஸ் தூளிலிருந்து மறுபடி தொடங்கினார்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் கணவரைக் கூப்பிட்டார். "கண்ணாடில கட்டைவிரல வச்சு பத்து எண்ணுங்க. எண்ணிட்டு இங்க வந்து பாருங்க."

பிளேடின் ஓரமாகப் பார்த்தார் கணவர். விரல் பட்ட இடத்தில் ஒரு குன்று எழுந்து நின்றது.

"நான் கெடுத்துட்டேனா?"

"உங்க கைச்சூடுதான். தானா அடங்கிடும்."

குன்று கரையும்வரை கணவர் எழுந்திருக்கவில்லை. அன்றுமுதல் அந்த அறை வாசலைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பல்லக்கா, "போதும்" என்றார். வண்டி விளக்குகளுக்கு வெள்ளிப்பூச்சுப் போடும் பட்டறையில் பூச்சுப் போட்டு வாங்கி, மொட்டைமாடியில் மரக்குழாயில் பொருத்தினார்கள். ராத்திரி பத்து மணி, மேற்கே சாயும் பாதி நிலா. கணவர் முதலில் பார்த்தார், வெகுநேரம்.

"எல்லாம் சரி. வெளிச்சமும் நிழலும் சேர்ற இடத்துல மட்டும் கோடு பிசிறடிக்குதே?"

"அது நிலாவுல இருக்கற மலைங்க. என் தப்பில்ல."

அப்புறம் கீழ்வீட்டுக்காரர், அவர் மனைவி. பல்லக்காவின் முறை வந்தபோது நிலா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போயிருந்தது. நால்வரும் சேர்ந்து தொலைநோக்கியைத் தூக்கி ஆறடி நகர்த்தினார்கள்.