முரளி எழுதாத பிராக்டிகல்

முரளி போய்விட்டான். காலையில் ஹார்ட் அட்டாக்... அவன் தங்கை வசந்தி போனில் சொன்னாள்.

கல்லூரியில் என் வகுப்பு. தொண்ணூறுகளின் நடுவில், மூன்றாம் வருடம் படிக்கும்போதே நாங்கள் இரண்டு பேரும் ஒரு கம்பெனி ஆரம்பித்தோம். பள்ளிகளுக்கு டைம்டேபிள் போட்டுத் தரும் சாஃப்ட்வேர்.

யோசனை என்னுடையது. கொல்கத்தாவில் டாக்குரியா ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் நின்று ஒரு மணி நேரம் அவனிடம் வாதாடினேன். சாப்பாடு அப்பா போடுகிறார், கம்ப்யூட்டர் காலேஜ் லேபில் இருக்கிறது, ஸ்டூடண்ட் என்றால் ஹெட்மிஸ்ட்ரஸ்கூடத் திட்டாமல் சந்தேஷ் இனிப்பு கொடுப்பார். கவிழ்ந்தால் மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

"நீ இவ்ளோ பேசி நான் பாத்ததே இல்ல," என்றான். "சரி, கவுத்துத்தான் பாப்போமே."

முதல் ஆர்டர் அலிப்பூர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. புது வேலையை விஜயதசமியன்றுதான் தொடங்க வேண்டும் என்று கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவன் அம்மா பிடிவாதம். பிறந்ததிலிருந்து கொல்கத்தாவில் இருக்கிறோம், இருந்தும் இங்கே அது என்ன நாள் என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. மடியில் மானிட்டரை வைத்துக்கொண்டு, துர்க்கை சிலைகளைக் கரைக்கப் போகும் விசர்ஜன ஊர்வலங்களுக்கு நடுவே டாக்சியில் போய் இறங்கினால்... கேட்டில் பூட்டு.

"ஆஜ் மா சோலே ஜாச்சேன்," என்றார் வாட்ச்மேன். அம்மன் புறப்பட்டுப் போகிற நாளில் வேலை தொடங்க வந்தீர்களா என்று கேட்டார்.

எங்கள் வீடுகளில் இன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பம் அண்ணா, என்று முரளி வங்காள மொழியில் விளக்கினான். அப்படியானால் உங்கள் வீட்டிலேயே ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

காளி பூஜை லீவும் முடிந்து பள்ளி திறந்த அன்றுதான் உள்ளே விட்டார்கள். அன்றைக்கே எங்களுக்கு செமஸ்டர் பிராக்டிகல்.

"நீ போய் எக்ஸாம் எழுது. ஸ்கூலுக்கு நான் போறேன்," என்றான். "எப்பவும் போல ரீடெஸ்ட் வெப்பாங்க. ஸ்டூடண்டா இருக்கறதுல அதானே சௌகரியம், நீதானே சொன்ன?"

ரீடெஸ்ட் வைக்கவில்லை. இந்த முறை கிடையாது என்று முந்தின வாரமே லேப் போர்டில் நோட்டீஸ் போட்டிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அவன் சாஃப்ட்வேரோடு உட்கார்ந்திருந்தான், பார்க்கவில்லை.

அவனுக்கு ஒரு வருடம் வீணாகப் போயிற்று. அதற்குள் இன்னும் நான்கு பள்ளிகள்... அவன் அப்புறம் வகுப்புக்கே வரவில்லை. நான் டிகிரி வாங்கிக்கொண்டு வங்கி வேலைக்குப் போனேன்.

பத்து வருடம் தனியாகத் தாக்குப்பிடித்தான். பிறகு பள்ளிகளெல்லாம் பெரிய கம்பெனிகளிடம் போய்விட்டன. ஒரு நாள் என் ஆபீஸுக்கு வந்தான். தலை பாதி நரைத்திருந்தது.

"உங்க கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்ல ஏதாவது..."

"டிகிரி கேப்பாங்க முரளி."

"தெரியும். சும்மா கேட்டேன்." டீயைக் குடித்துவிட்டு எழுந்தான். "அந்த நோட்டீஸ் மட்டும் அன்னைக்கு என் கண்ணுல பட்டிருந்தா, இல்ல?" என்று சிரித்தான்.

நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பா பேசினதில்லக்கா," என்று இன்று வசந்தி அழுதாள்.

முரளி, அந்த நோட்டீஸை ஒட்டிய அன்றே நான் படித்துவிட்டேன். சொல்லியிருந்தால் நீ எக்ஸாமுக்கு வந்திருப்பாய். யாராவது ஒருவர் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது... அது நானாக இருந்திருக்கும்.

நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். வருகிறேன்.