சுக்கான் யார் கையில்

தராசு பழுது பார்ப்பது அவள் தொழில். அதனால் படகுச் சங்கத்தில் அவளுக்குத் தராசுக்காரி என்றே பெயர். யாரையாவது பிடித்து நாலு கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. பதினோரு வருஷம் ஓட்டிய பாய்மரப் படகு அடியில் விண்டுபோனதால், இப்போது புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். இருவர் ஓட்டும் படகு: பின்னால் சுக்கான் பிடிப்பது அவள், முன்னால் பாய்க்கயிறு இழுப்பது புருஷனின் தங்கை.

அந்த நாத்தனார்தான் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"எந்தப் படகு வேணா எடுங்க அண்ணி. நான் இதோட நின்னுக்கறேன். முன்னாடி உக்காந்து திட்டு வாங்கியே அலுத்துப்போச்சு."

தராசுக்காரிக்குப் பகீரென்றது. திட்டுவது உண்மைதான். நாத்தனார் லேசாகத் தலையைத் திருப்பினால் போதும், "முன்னாடி பாரு" என்று ஓர் அதட்டல். ஆனால் அவள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நல்ல படகாக எடுத்து நாலு பந்தயம் ஜெயித்தால் மனசு மாறிவிடும் என்று நம்பினாள்.

சங்கப் பந்தயத்தில் விதவிதமான படகுகள் ஒன்றாக ஓடும். ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் எண் உண்டு. ஓடிய நேரத்தை அந்த எண்ணால் சரிக்கட்டித்தான் முடிவு சொல்வார்கள். ஆடி அசைந்து கடைசியாக வந்த படகு முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போவதும் உண்டு. அப்படியானால் எதை எடுப்பது? சங்கக் கொட்டகையில் விற்பனைக்கு இரண்டு இருந்தன. ஒன்று அகலம், சாது. மற்றது ஒடுக்கம், துடுக்கு. அதில் படகு சாய்ந்துவிடாமல் இருக்க முன்னால் இருப்பவர் இடுப்பைக் கம்பியில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேலே தொங்க வேண்டும்.

ஐந்து வருஷப் பந்தய முடிவு நோட்டுகளைப் பட்டறைக்கு வாங்கி வந்து, எடைக்கற்களுக்கும் ஸ்பிரிங்குகளுக்கும் நடுவே பரப்பினாள். நோட்டில் சுக்கான் பிடித்தவர் பெயர் முதலில் இருக்கும். ஒடுக்கப் படகை ஓட்டியவர்கள் ஓர் அப்பாவும் மகளும். ஒல்லியான மகள் பெயர் முதலில் இருந்த நாளெல்லாம் வெற்றி. தடித்த அப்பா பெயர் முதலில் வந்தால் கடைசி இடம். அட, கனமான ஆள்தானே கம்பியில் தொங்க வேண்டும்!

மெல்ல எழுந்து, அன்றுதான் சரிசெய்த மேடைத் தராசில் ஏறினாள். எழுபத்தெட்டு. இறங்கி, எடைக்கல் வைத்துச் சோதித்துவிட்டு மறுபடி ஏறினாள். அதே எழுபத்தெட்டு. நாத்தனாரை வரச்சொல்லி ஏற்றினாள். ஐம்பத்தொன்று.

அகலப் படகை எடுத்தால் சுக்கான் தன் கையிலேயே இருக்கும். நோட்டை மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஊரார் தராசில் ஒரு கிராம் பிசகினாலும் பொறுக்காதவள் அவள். வெட்கமாக இருந்தது. நோட்டை நாத்தனார் பக்கம் தள்ளிவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்போ சுக்கான் எனக்கா?" நாத்தனார் நம்பாமல் பார்த்தாள். "நீங்க கம்பியில தொங்குவீங்களா அண்ணி?"

"தொங்கறேன். நீ நின்னுடாத, அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் எல்லாருக்கும் முன்னால் படகுத் துறைக்கு வந்து நின்றாள்.

காற்று நன்றாகவே அடித்தது. தராசுக்காரி ஒடுக்கப் படகின் கம்பியில் தொங்கினாள். முகத்தில் தண்ணீர் அறைந்தது. இத்தனை வருஷம் நாத்தனார் முன்னால் உட்கார்ந்து இதையா வாங்கிக்கொண்டிருந்தாள்? படகு பிய்த்துக்கொண்டு போனது. பின்னாலிருந்து சத்தமே இல்லாததால் பயந்துபோய்த் திரும்பினாள்.

நாத்தனார் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி," என்றாள், "முன்னாடி பாருங்க."