அழுத்தினால் மன்னிப்பு

கண்ணாடியில் படிந்த விரல் ரேகைகளைத் துடைத்துக்கொண்டே, "அடுத்தவங்க வாங்க" என்கிறாள் சாரியக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆளுயரத் திரையில், கழுத்தில் அடையாள அட்டையோடு சிரித்துக்கொண்டிருப்பவளும் அவளேதான். மேசையிலுள்ள சிவப்புப் பொத்தானை யாராவது அழுத்தினால், திரையிலிருப்பவள் தலையை லேசாகச் சாய்த்து, "மன்னிச்சுக்கோங்க, உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது" என்பாள். வருகிறவர்தான் வாடிக்கையாளர். என்ன குறை என்பதை அவரே கற்பனை செய்துகொள்ளலாம். இதற்குப் பெயர் கலை. பார்க்க வரிசை வேறு நிற்கிறது.

சலவை இயந்திரக் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தவள். ஒரு வீடியோக் கலைஞர் வந்து, "நடிக்காதீங்கம்மா, எப்பவும்போல இருங்க" என்று படம் பிடித்துப் போனார். அந்தப் பிரிவை இழுத்து மூடிய பிறகு, அவருடைய சிபாரிசிலேயே இந்தக் காட்சிக்கூடத்தில் காவல் வேலை. 'சாரி' கேட்கிற அக்கா என்று, பட்டப்பெயரும் இங்கே கூட வேலை பார்ப்பவர்கள் வைத்ததுதான். நின்று நின்று கால் வீங்கி, செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டுத்தான் நிற்கிறாள். பார்க்க வருகிறவர்களில் ஒருவர்கூட அவளை அடையாளம் கண்டதில்லை. "அந்தம்மா நிஜமாவே நடிகையா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா சார், ரொம்பப் பெரிய நடிகை. கால்ஷீட்டே கிடைக்காது" என்றாள் முகம் மாறாமல்.

வீட்டில் மட்டும் 'மன்னிச்சுக்கோ' என்ற வார்த்தை அவள் வாயில் வராது. சண்டையே அதில்தான். மகள் தன் அலுவலகத்தில் மேனேஜரை எதிர்த்துப் பேசிவிட்டாள். நியாயம் மகள் பக்கம். வேலை போய்விடுமோ என்று பயந்து இவள் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய், தலையைச் சாய்த்து, மகள் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். பழக்கதோஷம். மகள் அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். "அவன்கிட்ட கேக்கத் தெரிஞ்சுது. என்கிட்ட கேக்கத் தெரியல, இல்ல?"

அதிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள் சாரியக்கா. "ஊருக்கெல்லாம் கேட்டுக் கேட்டு நாக்கே தேஞ்சுபோச்சு. பெத்த பொண்ணுகிட்டயும் அதே வார்த்தையா?" என்கிறாள். மகள் திரும்பி வராமலே போய்விடுவாளோ என்ற பயம் அவளை அரிக்கிறது.

நேற்று மத்தியானம் வரிசையில் மகள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நேரே வந்து பொத்தானை அழுத்தினாள். "மன்னிச்சுக்கோங்க…" மறுபடி அழுத்தினாள். மறுபடியும். அதே சிரிப்பு, அதே சாய்வு. மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது; விரல் மட்டும் நிற்கவில்லை.

சாரியக்கா குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

"நான் அங்க போயிருக்கக் கூடாதுடி. உன்னைக் கேக்காம போனது தப்பு." குரல் உடைந்து, கரகரத்து வந்தது.

"ஏங்க, மெஷின் கெட்டுப்போச்சா? எவ்வளவு நேரந்தான் நிக்கிறது?" என்று வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். அவள் திரும்பவில்லை. வரிசைக்கு முதுகைக் காட்டியபடி, மகளின் கையைப் பொத்தானிலிருந்து எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.