ஊன்றுகோல் தெரிந்தது, வயிறு தெரியவில்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். நான் அப்போது நர்சிங் மாணவன். முந்தின நாள்தான் கல்லூரியில், மாற்றுத்திறனாளிப் பெண்கள் மீதான எங்கள் மனப்பான்மையை அளக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். 'அவர்களும் தாயாகலாம்': முழுமையாக ஏற்கிறேன். 'அவர்கள் விஷயத்தை அவர்களிடமே கேட்க வேண்டும்': முழுமையாக ஏற்கிறேன். ஐந்தே நிமிடத்தில் டிக் அடித்துவிட்டு, நண்பனின் தாளையும் திருத்திக்கொடுத்த உத்தமன் நான்.

முகாமில் எனக்கு டோக்கன் கொடுக்கும் வேலை. ஊன்றுகோலுடன் ஒரு அக்கா வந்தார், கூடவே அவருடைய நாத்தனார். "டாக்டரம்மாவ..." என்று அக்கா ஆரம்பித்ததுமே, "தெரியும்க்கா" என்று மறித்து, நாத்தனாரிடம், "இவங்களுக்கு சர்டிபிகேட் புதுசா, ரினிவலா?" என்றேன். அவர் விழிக்க, நானே முடிவெடுத்து அக்காவை ஊனமுற்றோர் சான்றிதழ் வரிசையில் உட்கார வைத்தேன். ஃபேனைக்கூட அவர் பக்கம் திருப்பிவிட்டேன். அவ்வளவு கருணை!

முக்கால் மணி நேரம் கழித்து பிஸ்கட்டோடு போய், மறுபடியும் நாத்தனாரிடமே, "இவங்க சாப்பிடுவாங்களா?" என்றேன்.

"ஏம்பா, எனக்குக் காலுதான் சரியில்ல. வாய் நல்லாத்தான் இருக்குது, என்கிட்ட கேளு!" என்று ஒரு போடு போட்டார் அக்கா. அடுத்த நொடியே குரல் உடைந்தது. "ஏழு மாசம்பா. காலையிலேர்ந்து கொழந்த அசையவே இல்ல. இதான் டாக்டரம்மா லைன்னு நெனச்சி உக்காந்திருக்கோம்."

அப்போதுதான் அந்த வயிற்றையே பார்த்தேன். ஊன்றுகோலோடு அவர் விறுவிறுவென்று முன்னால் போக, இரண்டு காலும் நன்றாக இருந்த நான் தடுமாறிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

டாக்டர் வயிற்றில் கருவியை வைத்தார். வெறும் இரைச்சல். இடம் மாற்றி வைத்தார். குதிரை ஓடுவதுபோல் கேட்டது இதயத்துடிப்பு. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்றார் டாக்டர்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கூட்டம் மேடம்" என்றார்.

அதற்குமேல் சும்மா நிற்க முடியவில்லை. நானே உண்மையைச் சொல்லி நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் அவரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், துணைக்கு என்னையும். வழியில் கூனிமேடு தாண்டும்போது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒதைக்குதுப்பா! உன்னத்தான் ஒதைக்குது."

இரண்டு மாதம் கழித்து, பெண் குழந்தை என்று போன் செய்து அவரே சொன்னார்.

படிப்பு முடியும்போது அதே கேள்வித்தாள் மறுபடியும் வந்தது. 'அவர்களிடமே கேட்க வேண்டும்' என்ற வரியில் என் பேனா வெகுநேரம் நின்றது. இன்று எந்த நோயாளி வந்தாலும், அவர் சொல்லி முடிக்கும்வரை இந்த வாயாடி வாயைத் திறப்பதில்லை. அந்த அமைதி, என்னைக் காட்டிக்கொடுக்காத அந்த அக்கா எனக்குக் கொடுத்தது.